விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது

ஜூன் பிறந்துவிட்டால் மும்பையில் லேப் வைத்திருக்கிற எல்லோரும் ஒரே விஷயத்தைப் பேசுவார்கள். மைக்ராஸ்கோப் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும், பத்திரம். சிலிக்கா ஜெல் பொட்டலம் வாங்கி வை, நீல நிறம் மாறி இளஞ்சிவப்பாகிவிட்டால் சூடு காட்டி மறுபடி போடு. ராத்திரி வைக்கிற பெட்டிக்குள் 40 வாட் பல்பு ஒன்றை எரியவிடு. இருபது வருடமாக நானும் இதையெல்லாம் தவறாமல் செய்துவருகிறேன். லென்ஸ் என்றால் எங்களுக்கு உயிர். அதைத் துடைப்பதற்கென்றே தனிக் காகிதம் இருக்கிறது, துப்பட்டா நுனியால் துடைக்கிற பெண்ணை நானே கையில் தட்டியிருக்கிறேன். ஆனால் அந்த லென்ஸுக்கு அடியில், மேசையோடு ஒட்டினாற்போல் ஓர் அடிப்பெட்டி இருக்கிறது. வயர், பியூஸ், வெளிச்சக் குமிழ், பல்ப் ஹோல்டர் எல்லாம் அதற்குள்தான். அதைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் யாருக்கும் சொன்னதில்லை. 2019 ஜூலையிலிருந்து என் நினைப்பு அந்த அடிப்பெட்டியைச் சுற்றியேதான் வருகிறது. யாரிடமாவது முழுதாகச் சொன்னால்தான் ஆறும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் லேப் தாராவியில், 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடியில் இருக்கிறது. இரண்டு அறை. மேலே மொட்டை மாடி. மழைக்காலத்தில் எங்களுக்குப் பாதி வேலை மலேரியா ஸ்லைடுதான். 2019 ஜூலை 1 ராத்திரி பெய்த மழை மும்பைக்காரர்களுக்கு மறந்திருக்காது. 2-ம் தேதி காலை எட்டரை வரைக்குமான 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 375 மில்லிமீட்டர் பதிவானது. 2005 ஜூலை 26-ல் பெய்த 944 மில்லிமீட்டரைப் பார்த்தவர்களுக்கு அது பெரிதில்லைதான், இருந்தாலும் அரசாங்கமே விடுமுறை விட்டது. நான் 3-ம் தேதி காலையில்தான் லேபைத் திறந்தேன்.

மேசை மேல் தண்ணீர் தேங்கியிருந்தது. மைக்ராஸ்கோப்புக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் வைத்திருந்தேன், உறையின் மேல் ஒரு சொட்டுகூட இல்லை. பிறகு எப்படி என்று பார்த்தால், தளமும் சுவரும் சேருகிற மூலையில் கசிந்து, சுவர் வழியே இறங்கி, சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த மைக்ராஸ்கோப்பின் கரண்ட் வயர் மேல் ஏறியிருக்கிறது. வயர் மேலேயிருந்து சரிவாக, நேராக, கருவியின் பின்பக்கத் துளைக்கு வருகிறது. வாழை இலைத் தண்டில் தண்ணீர் வழிவதுபோல வயரைப் பிடித்துக்கொண்டே வந்து உள்ளே போய்விட்டது. உறையை எவ்வளவு இறுக்கிப் போட்டிருந்தாலும் வயருக்காக ஒரு வழி விட்டுத்தானே ஆகவேண்டும், அந்த வழியாகத்தான்.

துடைத்தேன். லென்ஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன், ஒன்றுக்கும் ஒன்றுமில்லை. அடிப்பெட்டியின் வெளிப்பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஃபேனுக்கு அடியில் ஒரு மணி நேரம் வைத்தேன். வாசலில் அதற்குள் ஏழெட்டுப் பேர் காய்ச்சலோடு நின்றுகொண்டிருந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. அப்பாடா என்று உட்கார்ந்து முதல் ஸ்லைடை வைத்தேன்.

குமிழ்

எங்கள் கருவியின் வெளிச்சக் குமிழில் 1 முதல் 6 வரை எண் போட்டிருக்கும். ஸ்லைடின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துப் பார்க்கிற ஆயில் லென்ஸுக்கு நான் எப்போதும் 5-ல் வைப்பேன். அந்த லென்ஸுக்குத்தான் வெளிச்சம் அதிகம் வேண்டும், ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒளி அவ்வளவு மெலிந்துபோகும். 3-ம் தேதி 5. அதற்கப்புறம் எந்த நாளில் ஐந்தரைக்குத் திருப்பினேன், எந்த நாளில் 6-க்குத் திருப்பினேன் என்று கேட்டால் சத்தியமாக எனக்கு நினைவில்லை. கை தானாகத் திருப்பியிருக்கிறது. வெளிச்சம் ஒரேயடியாகக் குறைந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் கண் அதற்குத் தகுந்தாற்போல் பழகிக்கொள்ளும். சாயங்காலம் வீட்டுக்குள் விளக்குப் போடாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியிலிருந்து வருகிறவர் "ஏன் இருட்டுல இருக்கீங்க?" என்று கேட்கும்போதுதான் நமக்குத் தெரியுமே, அப்படி.

வெளிச்சம் குறைவதோடு நிறமும் மாறும். ஹாலோஜன் பல்புக்கு வோல்ட் குறைந்தால் வெள்ளை ஒளி மஞ்சளாகிவிடும். மலேரியா கிருமியைச் சாயம் போட்டுத்தான் தேடுகிறோம். ரத்த அணுவுக்குள் சின்னதாக நீல நிறத்தில் ஒரு மோதிரம், மோதிரத்துக்குக் கல் வைத்தாற்போல் சிவப்பாக ஒரு புள்ளி. மலேரியாவில் ஆபத்தான பால்சிபாரம் வகையில் அந்த மோதிரம் தலைமுடியைவிட மெலிசாகத் தெரியும். மஞ்சள் வெளிச்சத்தில் அந்த நீலம் அழுக்காகி, பக்கத்திலிருக்கிற சாயத் தூசியோடு சேர்ந்துபோகும். வெளிச்சம் போகும் வழியில் நீலக் கண்ணாடி ஒன்று வைப்பது இந்த மஞ்சளைச் சரிக்கட்டத்தான். அந்தக் கண்ணாடியும் ஓரளவுக்குத்தான் தாங்கும்.

10-ம் தேதி ஒரு பையன் வந்தான். பத்தொன்பது இருபது வயது இருக்கும். சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி, ஹாரன் அடித்துக்கொண்டு இட்லி விற்கிற எங்கள் பகுதிப் பையன்களில் ஒருவன். மூன்று நாளாகக் குளிர்காய்ச்சல். டாக்டர் ஸ்லைடு மட்டும் எழுதியிருந்தார். ரத்தம் எடுத்து, பரப்பி, சாயம் போட்டு, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடி 100 புலம் பார்த்தேன். லென்ஸ் வழியே ஒரு தடவைக்குத் தெரிகிற வட்டம்தான் ஒரு புலம். இதை அழுத்திச் சொல்கிறேன், 100 புலம் எண்ணித்தான் பார்த்தேன். "கிருமி காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று நாள் கழித்து, 13-ம் தேதி, அவனுடைய மாமா தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். கண் மஞ்சள் பூத்திருந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது, அடிப்பெட்டியைக் கையால் அழுத்தினால் பிரகாசமாகும், கையை எடுத்தால் மங்கும். அவனுடைய ஸ்லைடை வைத்ததும் அணைந்தே போனது. மைக்ராஸ்கோப் இல்லாமலே ஒரு சொட்டு ரத்தத்தில் பார்க்கிற அட்டை டெஸ்ட் போட்டேன். கால் மணி நேரத்துக்குள் இரண்டாவது கோடு அழுத்தமாக ஏறியது. பால்சிபாரம். அப்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஆறு நாள் படுத்திருந்து பிழைத்து வந்துவிட்டான், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி வந்தது

திங்கட்கிழமை சர்வீஸ் பார்க்கிற அண்ணாச்சி வந்தார். அம்பாசமுத்திரம் பக்கம், அறுபது வயதுக்கு மேல். மும்பையின் பாதி லேப் கருவிகளை அவர் கை தொட்டிருக்கும். முதலில் எதையும் திறக்கவில்லை, கேள்விதான் கேட்டார்.

"தண்ணி பட்டுச்சுன்னு போன்ல சொன்னீங்கள்லா, என்னைக்கு?"

"ரெண்டாம் தேதி வாக்குல, அண்ணாச்சி."

"அதுக்கப்புறமும் பதினோரு நாளு ஓட்டியிருக்கீங்க. எதுக்கு தங்கச்சி?"

"வேலை செஞ்சுதே அண்ணாச்சி."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கருவியைப் படுக்க வைத்து, அடியில் இருந்த ரப்பர் கால்களைப் பிடுங்கினார். அதற்குள்தான் திருகுகள் ஒளிந்திருக்கின்றன என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூடி வந்தது. எத்தனை வருடம் இதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே பார்த்தது அதுதான் முதல் தடவை. தண்ணீர் தேங்கிக் காய்ந்த இடத்தில், குளத்துக் கரையில் அலை விட்டுப்போன தடம் மாதிரி, வெள்ளையாக வரி வரியாக உப்பு. வயர் நுனியில் இருந்த பித்தளைக் கவ்விகளில் பச்சைக் களிம்பு. பல்பின் இரண்டு கம்பிக் கால்களும் சொருகி நிற்கிற பீங்கான் ஹோல்டர்தான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே இருந்த தகடுகள் பச்சையும் கறுப்புமாகப் பொரிந்திருந்தன, அங்கே வந்து சேர்கிற வயரின் உறை வெந்து பழுப்பேறியிருந்தது. மூக்கை வைத்தால் தீய்ந்த வாசம்.

நான் மல்டிமீட்டரை எடுத்துக் கொடுத்தேன். அண்ணாச்சி அதை "பீப்" அடிக்கிற இடத்தில் வைத்து ஹோல்டரின் இரண்டு பக்கமும் தொட்டுக் காட்டினார். பீப் அடித்தது. "பாத்தீங்களா, இது நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுது. இதை நம்பித்தான் பாதிப் பேரு மூடி வச்சிருதான்." அப்புறம் விளக்கை எரியவிட்டு, எரியும்போதே இரண்டு இடத்தில் வோல்ட் பார்த்தார். ஹோல்டருக்கு வருகிற வயரில் 5.9. பல்பின் காலில் 3.8. நடுவில் இரண்டு வோல்ட்டைக் காணோம்.

அந்த இரண்டு வோல்ட் எங்கே போனது என்று அவர் சொன்னதை நான் பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல்பு 6 வோல்ட், 20 வாட். அப்படியானால் அதற்கு மூன்று ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஒரு சாதாரண செல்போன் சார்ஜரில் ஓடுவதைவிட அதிகமான மின்னோட்டம், நகக்கண் அளவு தகடு வழியாகப் போகிறது. இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடுகின்றன என்று நாம் சொல்கிறோம், உண்மையில் அவை சில மேடுகளில் மட்டும்தான் தொடும். அந்த மேடுகளில் களிம்பு பிடித்தால் வழி குறுகிவிடும். குறுகின இடத்தில் சூடு வரும், சூட்டில் களிம்பு இன்னும் வேகமாக ஏறும், வழி இன்னும் குறுகும். ஹோல்டருக்குள்ளேயே ஐந்து வாட்டுக்கு மேல் வீணாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. நான் குமிழைத் திருப்பத் திருப்ப அந்தச் சூட்டுக்குத்தான் விறகு போட்டிருக்கிறேன். ஹாலோஜன் பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் மளமளவென்று சரியும். 3.8 வோல்ட்டில் முழு வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதில்தான் ஊராருடைய ரத்தத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி அண்ணாச்சி, இப்ப என்ன செய்யணும், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிரலாமா?" என்று கேட்டேன். வீட்டில் பித்தளை விளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம், அந்தப் புத்திதான் வந்தது. வேண்டாம் என்றார். புளியும் எலுமிச்சையும் போட்டால் அந்தப் புளிப்பு உள்ளேயே தங்கித் திரும்ப அரிக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் தகட்டின் மேல் பூச்சு போய்விடும், அடுத்த மழைக்கே பழையபடி பச்சை ஏறும். சைவத்தில் உயிரோடு ஒட்டியிருக்கிற ஆணவ மலம் என்கிற அழுக்குக்குச் செம்பில் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். அப்பா அடிக்கடி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேய்த்தால் போனாற்போல் இருக்கும், போயிருக்காது. அன்றைக்கு அந்த ஹோல்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அதை யார் முதலில் சொன்னார்களோ அவர்கள் செம்பை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம் அண்ணாச்சி கேட்டதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "டிஸ்டில்டு வாட்டர் இருக்கா? ஒரு லிட்டர் எடுங்க." தண்ணீர் பட்டுக் கெட்டதைத் தண்ணீரால் கழுவப் போகிறாரா என்று விழித்தேன். பிளக்கைப் பிடுங்கி, டிரான்ஸ்பார்மரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குமிழுக்கு டேப் சுற்றிவிட்டு, மீதி எல்லாவற்றையும் குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல மெதுவாக ஊற்றி, புது டூத் பிரஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். மழைத் தண்ணீர் மொட்டை மாடியில் விழும்போது பெரிய உப்பொன்றும் அதில் இல்லை. சிமெண்டுத் தளத்துக்குள் ஊறி, சுண்ணாம்பையும் கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பையும் கரைத்துக்கொண்டுதான் இறங்குகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. மும்பை மழைக்கால ஈரக்காற்றில் அந்த உப்பு ராத்திரிக்கு ராத்திரி ஈரத்தை இழுத்துத் திரும்பவும் நனையும். நான் ஃபேன் காற்றில் காய வைத்த ஒரு மணி நேரம் எதற்கும் ஆகவில்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் அப்படித்தான். உப்பு ஸ்பிரிட்டில் சரியாகக் கரையாது, நல்ல தண்ணீரில்தான் கரையும். கழுவி முடித்தபிறகுதான் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஊற்றினார், மிச்சத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதற்காக. கடைசியில் எங்கள் லேபிலேயே இருக்கிற இன்குபேட்டரில், 37 டிகிரியில், ராத்திரி முழுக்க வைக்கச் சொன்னார். புது பீங்கான் ஹோல்டரை மறுநாள் லாமிங்டன் ரோட்டிலிருந்து வாங்கிவந்து மாட்டினார். அதன் விலை நூறு ரூபாய்கூட இல்லை.

மாட்டி முடித்துக் கிளம்பும்போது ஒன்று சொன்னார். "நனைஞ்ச அன்னைக்கே பிளக்க புடுங்கிப் போட்டுட்டு எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா, கழுவிக் காயவச்சு அப்படியே குடுத்திருப்பேன். கரண்ட் ஓடுதப்ப ஈரம் இருந்தா அது உலோகத்தையே கரைச்சுத் தின்னுரும். சும்மா கெடந்து துருப்புடிக்கிறதுக்கு ஒரு வருசம் ஆகும்னா, கரண்ட்டோட பத்து நாளு போதும்." சுவரிலிருந்து வந்த வயரைக் காட்டி, அந்த ஈரக் கையோடு சுவிட்சைப் போட்டதற்கும் திட்டினார். உயிர் போயிருக்க வேண்டியது.

அந்த ஸ்லைடு

புது ஹோல்டரில் விளக்கு எரிந்தபோது மணி ஐந்து இருக்கும். வெள்ளை வெளேரென்று வந்த அந்த வட்டத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இவ்வளவு வெளிச்சம் இதற்கு உண்டு என்பதையே மறந்திருந்தேன். காத்திருந்த ஸ்லைடுகளை விட்டுவிட்டு, 10-ம் தேதி டப்பாவைத் திறந்து அந்தப் பையனுடைய பழைய ஸ்லைடை எடுத்தேன். காய்ந்த எண்ணெயைச் சைலீன் தொட்டுத் துடைத்து, புதுச் சொட்டு வைத்து, குமிழை 5-ல் வைத்து எண்ண ஆரம்பித்தேன். 17-வது புலத்தில் இருந்தது. ஓர் அணுவுக்குள் மெலிசாக ஒரு மோதிரம், ஓரத்தில் சிவப்புப் புள்ளி. 31-ல் இன்னொன்று. 40-ல் ஒரே அணுவுக்குள் இரண்டு.

அன்றைக்குக் களைப்பாக இருந்திருப்பேன், கூட்டம் அதிகம், எத்தனையோ காரணம் இருக்கலாம் என்று மனசு ஓடியது. அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. மோதிரத்தை நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணை எடுக்காமலே குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் குறைத்தேன். 4-ல் தெரிந்தது. 3-ல் நீலம் போய்விட்டது, புள்ளி மட்டும் பழுப்பாக நின்றது. இரண்டரையில், அங்கே இருக்கிறது என்று தெரிந்த எனக்கே, அது சாயத் தூசி மாதிரிதான் பட்டது. அதன் மேல் என் கண் போயிருக்கும், போய்த் தாண்டியும் வந்திருக்கும். திரும்ப ஏற்றினேன், மோதிரம் வந்தது. இறக்கினேன், போனது. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. 3-ம் தேதியிலிருந்து 13 வரை பார்த்த நெகட்டிவ் ஸ்லைடுகள் எல்லாவற்றையும் அடுத்த மூன்று ராத்திரி உட்கார்ந்து திரும்பப் பார்த்தேன். இன்னும் ஒன்று கிடைத்தது, மலேரியாவின் இன்னொரு வகையான வைவாக்ஸ். வீட்டைத் தேடிப்போய்ச் சொன்னோம். அந்த அம்மா வேறு இடத்தில் காட்டி, மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த கதை எங்கள் படிப்பில் எல்லோருக்கும் வரும். அவருடைய நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டு மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்திருந்தன, கண் வைத்துப் பார்க்கிற லென்ஸான ஐபீஸில் மிச்சமிருந்த ஒன்றும் விரிசல் விட்டிருந்தது. எப்படிப்பட்ட உழைப்பு என்று காட்டத்தான் அதைச் சொல்வார்கள், நானும் அப்படித்தான் கேட்டிருந்தேன். இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. அவருக்குக் கருவியின் நிலைமை கண்ணுக்கு நேரே தெரிந்தது. துருவைக் கையால் தொடலாம், விரிசல் பார்க்கும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்கும். என் கருவியில் கெட்டது மூடிக்கு உள்ளே இருந்தது, வெளியே விளக்கு எரிந்தது. முழுதாக அணைந்திருந்தால் 3-ம் தேதியே பிளக்கைப் பிடுங்கியிருப்பேன், அந்தப் பையனுக்கு 10-ம் தேதியே அட்டை டெஸ்ட் போட்டிருப்பேன். பாதி உயிரோடு இருந்ததால்தான் நம்பினேன். "வேலை செய்யுது" என்கிற பேச்சை அதற்குப்பிறகு எங்கள் லேபில் யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்கிறது. எவ்வளவு செய்கிறது என்று கேட்கிறேன்.

அதனால்தான் இப்போது மைக்ராஸ்கோப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கிறது. தினமும் காலையில் ஒரே ஸ்லைடை, அதே ஆயில் லென்ஸில் வைத்து, நன்றாகத் தெரிகிற வரைக்கும் குமிழைத் திருப்பி அந்த எண்ணை எழுதுகிறோம். 5 என்றால் 5. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஐந்தரை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அண்ணாச்சிக்குப் போன். சுவரில் மாட்டியிருந்த வயரை எடுத்துவிட்டேன். அது இப்போது மேசைக்குக் கீழே ஊஞ்சல் மாதிரி தொங்கி, அப்புறம் மேலே ஏறித்தான் கருவிக்குள் போகிறது. வயரைப் பிடித்துக்கொண்டு வருகிற தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், மேலே ஏறாது. அடியில் ஒரு பிளாஸ்டிக் குவளை வைத்திருக்கிறேன். போன வருடம் இரண்டு தடவை அதில் தண்ணீர் இருந்தது.

அந்தப் பையனுடைய ஸ்லைடை நான் தூக்கிப்போடவில்லை. அதில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஜூன் மாதம் புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் அதைத்தான் வைத்துக் கொடுக்கிறேன். இந்த வருடம் சேர்ந்தவள் டிப்ளமோ முடித்து வந்தவள், கண் கூர்மையான பெண். குமிழை இரண்டரையில் வைத்து, 50 புலம் பார் என்றேன். பொறுமையாகப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லக்கா, நெகட்டிவ்" என்றாள். கையை எட்டிக் குமிழை 5-க்குத் திருப்பிவிட்டு, மறுபடி முதலிலிருந்து பார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக எண்ண ஆரம்பித்தாள்.